சினிமாத் திரைக்குப் பின்னால் படுத்துத் தூங்கிய பீட்டில்ஸ்!

1968-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ரிஷிகேசம் ஒரே அமர்க்களப்பட்டது. உலகப் புகழ் பெற்ற "பீட்டில்ஸ்" பாடகர்கள் நால்வரும் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குத் தியானம் பழக வந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்களும் புகைப்படக்காரர்களும் வெளி வாசலிலேயே காத்துக் கிடந்தார்கள்.

நம் நாட்டில் பீட்டில்ஸ் என்றால் இன்றைக்கும் அந்த ஆசிரமம்தான் நினைவுக்கு வரும். விஷயம் தெரிந்தவர்கள், ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொண்டதையும் சொல்வார்கள்.

அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பு இதே கோஷ்டி, பிழைப்புக்காக வேறு நாட்டுக்குப் போய் நாள் கூலிக்குப் பாடியது. சினிமாக் கொட்டகையில் கக்கூசுக்குப் பக்கத்து அறையில் படுத்துறங்கியது. முடிவில் அவர்களில் மூன்று பேரை அந்த நாட்டுப் போலீசார் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ரசிகர்களிலேயே பலருக்கு அந்த நாட்களைப் பற்றி அதிகம் தெரியாது.

துறைமுகத்துப் பிள்ளைகள்

லிவர்பூல், இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள துறைமுகப் பட்டினம். ஜார்ஜ் ஹாரிசனின் தந்தை பஸ் கண்டக்டராக இருந்து டிரைவர் ஆனவர். பால் மெக்கார்ட்னியின் தந்தை பஞ்சு வியாபாரக் கம்பெனியில் விற்பனையாளர், தாய் நர்சு. பாலுக்கு 14 வயதானபோது தாய் இறந்துபோனார். ஜான் லென்னனை வளர்த்தவர் அவருடைய பெரியம்மா.

1957 ஜூலை 6-ந் தேதி லிவர்பூலில் ஒரு மாதாகோவில் விழா. ஜானுடைய கோஷ்டி அங்கே பாடியது. "குவாரிமென்" என்று பெயர். தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டினால் அது ஒரு வாத்தியம். துணி துவைக்கும் தகரப் பலகையைச் சுரண்டினால் அது இன்னொரு வாத்தியம். ஜானுக்கு 16 வயது. வேடிக்கை பார்க்க வந்த பாலுக்கு 15. அன்றைக்கு ஏற்பட்ட பழக்கம்தான். அடுத்த ஆண்டு, பாலின் பள்ளித் தோழன் ஜார்ஜும் சேர்ந்துகொண்டார். மூவரில் அவரே இளையவர்.

1958-ல் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஒரு வீட்டுக்குள் நடந்துவந்த சிறிய ஸ்டூடியோவில் ஓர் இசைத்தட்டு பதிவு செய்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு தட்டு! அதை வாரத்துக்கு ஒருவர் வீட்டில் வைத்துக் கேட்பது என்று ஏற்பாடு. சுற்றி வந்த தட்டு, பியானோ வாசித்த ஜான் டஃப் லோ என்பவர் வீட்டோடு நின்றுவிட்டது. 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தது. 1981-ல் பால் மெக்கார்ட்னி அதை விலை கொடுத்து வாங்கினார். உலகம் அந்தப் பாட்டைக் கேட்டது 1995-ல்தான்.

யானை விளக்குப் பலகை

பெயரைப் பல முறை மாற்றி, 1960 ஆகஸ்டில் "பீட்டில்ஸ்" ஆனார்கள். அந்த மாதமே மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து அழைப்பு வந்தது. கோஷ்டியில் 5 பேர். ஜான், பால், ஜார்ஜ் தவிர, ஜானின் ஓவியக் கல்லூரி நண்பர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப். தான் வரைந்த ஓவியம் விலை போன பணத்தில் கிதார் வாங்கியவர் அவர். ஐந்தாமவர் பீட் பெஸ்ட். டிரம் வாசிக்க ஆள் இல்லாமல் தவித்தபோது, புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு சேர்க்கப்பட்டவர்.

லிவர்பூலில் காபி கிளப் நடத்திய ஆலன் வில்லியம்ஸ் என்பவர் எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார். ஹாம்பர்க்கும் துறைமுகம்தான். கப்பல்காரர்கள் காசை வாரி இறைக்கும் செயின்ட் பாவுலி வட்டாரத்தில், ராத்திரிதான் வியாபாரம். மதுக்கடைகள், ஆட்டக் கிளப்புகள், அடிதடி. அங்கே ஒரு சின்ன கிளப். அதன் பெயரைக் கேட்டால் நமக்கு வியப்பு வரும்: "இந்திரா"! அடையாளத்துக்கு ஒரு யானை விளக்குப் பலகை வேறு. பெயர் வைத்தவருக்கு ஐராவதம் தெரிந்திருந்ததோ என்னவோ!

முதலாளி புரூனோ கோஷ்மிடர். சம்பளம் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 மார்க். அன்றைய கணக்கில் சுமார் இரண்டரை பவுன். இந்தச் சம்பளத்துக்கு வார நாட்களில் தினம் நாலரை மணி நேரம், சனி, ஞாயிறுகளில் 6 மணி நேரம் பாட வேண்டும்.

தங்க இடம்? கோஷ்மிடருக்கே சொந்தமான "பம்பி" என்ற சினிமாக் கொட்டகை இருந்தது. திரைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறைகள். சுவருக்கு அந்தப் பக்கம் கக்கூஸ். முகம் கழுவுவதும் சவரம் செய்வதும் அங்கே உள்ள குழாயில்தான். விடியற்காலையில் வந்து படுத்தவர்களைப் பகல் காட்சியின் வசனம் எழுப்பிவிடும்.

மேடையிலும் சும்மா நின்று பாட முடியாது. "ஆட்டம் காட்டு, ஆட்டம் காட்டு" என்று முதலாளி ஜெர்மன் மொழியில் கத்துவார். குதித்தார்கள், தரையில் புரண்டார்கள். தெரிந்த பாட்டுகள் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு என்ன செய்வது? ஒரே பாட்டை இழுத்து நீட்டினார்கள். இசைத்தட்டின் மறுபக்கத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்த பாட்டுகளைத் தேடிப் படித்தார்கள். தூக்கத்தை விரட்ட மாத்திரையும் போட்டுக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் அது சர்வ சாதாரணம். பின்னால் வந்த பெரிய சங்கடங்களுக்கெல்லாம் அதுவே முதல் படி என்று சொல்லலாம்.

நாற்பத்தெட்டு இரவுகளுக்குப் பிறகு, சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்ததால் இந்திரா கிளப்பில் பாட்டு நின்றது. முதலாளி அவர்களைத் தன் பெரிய கிளப்பான "கைசர்கெல்லர்"க்கு மாற்றினார். அங்கே மாறி மாறி மேடை ஏறிய இன்னொரு லிவர்பூல் கோஷ்டியில் டிரம் வாசித்தவர், தச்சு வேலை பழகிவிட்டு அதை உதறியவர். அவர்தான் ரிங்கோ ஸ்டார்.

போலீஸ் வந்தது

நவம்பரில் வேறொரு முதலாளி, "டாப் டென்" கிளப்பில் கூடுதல் சம்பளம் தருவதாகச் சொன்னார். பையன்கள் சாய்ந்தார்கள். பழைய முதலாளிக்குக் கோபம்.

ஜெர்மன் சட்டப்படி 18 வயது ஆகாதவர்கள் இரவு 10 மணிக்கு மேல் கிளப்பில் இருக்கக் கூடாது. தினமும் 10 மணிக்குப் பாட்டை நிறுத்தி அறிவிப்பார்கள். மேடையில் கிதாரோடு நின்ற ஜார்ஜுக்கு வயது 17! மூன்று மாதமாக யாரும் கண்டுகொள்ளாத இந்த விஷயம் திடீரென்று போலீசுக்கு எட்டியது. நவம்பர் 21-ந் தேதி ஜார்ஜ் தனியாக ரெயில் ஏறினார்.

சில நாட்களில் பாலும் பீட் பெஸ்டும் மூட்டை கட்டும்போது, இருட்டறையில் வெளிச்சத்துக்காக எதையோ சுவரில் மாட்டிக் கொளுத்தினார்கள். கொஞ்சம் கரி பிடித்தது, அவ்வளவுதான். கொட்டகைக்குத் தீ வைத்தார்கள் என்று முதலாளி புகார் கொடுத்தார். இருவரும் லாக்-அப்பில் இருந்துவிட்டு நாடு கடத்தப்பட்டார்கள். டிசம்பரில் ஜானும் ஊர் திரும்பினார். சட்கிளிஃப் மட்டும், அங்கே பழக்கமான ஆஸ்ட்ரிட் கிர்ஷர் என்ற புகைப்படக்காரப் பெண்ணுக்காகத் தங்கினார்.

கையில் காசில்லாமல் தலை குனிந்து வந்தவர்கள்தான். பால் ஒரு மின்சாரக் கம்பெனியில் கம்பிச் சுருள் சுற்றும் வேலைக்குப் போனார். ஆனால் டிசம்பர் 27-ந் தேதி லிதர்லண்டு டவுன் ஹாலில் பாடியபோது, ஊரே திகைத்தது. "ஹாம்பர்க்கிலிருந்து நேராக" என்று விளம்பரம் செய்திருந்ததால், பலர் அவர்களை ஜெர்மன்காரர்கள் என்றே நினைத்தார்கள்! ஆகஸ்டில் போன கோஷ்டி வேறு, டிசம்பரில் வந்த கோஷ்டி வேறு.

குமாஸ்தாக்களின் சாப்பாட்டு நேரம்

1961 பிப்ரவரி முதல் "கேவர்ன்" என்ற நிலவறைக் கிளப்பில் பாடினார்கள். பழைய கிடங்கின் அடித்தளம் அது. காற்று வராது, சுவரில் வேர்வை வழியும். மதிய இடைவேளையில் பக்கத்து ஆபீஸ் குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டு பெண்களும் ரொட்டியைக் கடித்துக்கொண்டே பாட்டுக் கேட்டுவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். 1963 ஆகஸ்டு வரை சுமார் 290 முறை பீட்டில்ஸ் அங்கே பாடியிருக்கிறார்கள்.

நடுவில் மறுபடியும் ஹாம்பர்க். டாப் டென் கிளப்பில் 92 இரவுகள், இடைவேளை உட்பட இரவுக்கு 7 மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் 600 மணிக்கு மேல் வருகிறது. பிறவி மேதைகள் என்று இவர்களைப் புகழ்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம்.

1961 நவம்பரில் கேவர்னுக்கு வந்து பார்த்த இசைத்தட்டுக் கடைக்காரர் பிரையன் எப்ஸ்டீன் மானேஜரானார். 1962 புத்தாண்டு தினத்தில் டெக்கா கம்பெனியில் 15 பாட்டுகள் பாடிக் காட்டினார்கள். கம்பெனி வேண்டாம் என்றது. ஏப்ரலில் மறுபடி ஹாம்பர்க் போய் இறங்கியபோது விமான நிலையத்தில் ஆஸ்ட்ரிட் நின்றார். மூளையில் ரத்தம் கசிந்து சட்கிளிஃப் முதல் நாள் இறந்துவிட்டார் என்றார். வயது 21.

ஆகஸ்டில் இன்னொரு அடி. ரிகார்டு கம்பெனி கிடைத்துவிட்ட நேரத்தில் பீட் பெஸ்ட் நீக்கப்பட்டார். இரண்டு ஆண்டு கூடவே கஷ்டப்பட்டவரிடம் சேதி சொன்னது எப்ஸ்டீன்தான். மற்ற மூவரும் நேரில் வரவில்லை. என்ன சமாதானம் சொன்னாலும் அது நன்றாக இல்லை. அவர் இடத்துக்கு ரிங்கோ வந்தார். பெஸ்ட் ரொட்டிக் கம்பெனியில் சுமை ஏற்றினார். பிறகு லிவர்பூலில் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து, 20 ஆண்டுகள் வேலை பார்த்தார். 1995-ல் வெளிவந்த பழைய பாட்டுத் தொகுப்பில் அவர் வாசித்த பதிவுகளும் சேர்ந்தன. பங்குப் பணம் ஒருவழியாக அவர் கைக்கு வந்தது.

1963 பிப்ரவரி 11-ந் தேதி, முதல் நெட்டிசைத் தட்டுக்கு 10 பாட்டுகளை ஒரே நாளில் பாடி முடித்தார்கள். ஜானுக்கு அன்று கடும் ஜலதோஷம். ஹாம்பர்க்கில் விடிய விடியப் பாடியவர்களுக்கு அது ஒரு பகல் வேலை. அந்தத் தட்டு இங்கிலாந்தில் 30 வாரம் முதலிடத்தில் இருந்தது.

2008-ல் ஹாம்பர்க்கில், அவர்கள் பாடிய தெருமுனையில் "பீட்டில்ஸ் சதுக்கம்" திறந்தார்கள். தரை இசைத்தட்டு மாதிரி வட்டமாக இருக்கிறது. ஐந்து உருவங்கள், எஃகுக் கோட்டு வடிவில் நிற்கின்றன. சட்கிளிஃப் சற்றுத் தள்ளி நிற்கிறார். டிரம் வாசிப்பவர் பீட் பெஸ்டா, ரிங்கோவா? இருவரும் என்று வைத்துக்கொள்ளும்படி, முகம் இல்லாமல் விட்டிருக்கிறார்கள்.