பப்ரிசியுஸும் பழவேற்காடும்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே கற்களில் வெட்டப்பட்ட ஐரோப்பியப் பெயர்கள், உப்புக் காற்றையும் மீறி இன்றும் எழுத்துப் பிசகாமல் நிற்கின்றன. அங்கிருந்து வெளியே வந்த என்னிடம் ஒரு மீனவப் பெரியவர் மூன்று ஆவணங்களை நீட்டினார். அவர் பெயரில் ஒரு ழகரம் உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றிலும் அது ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. "இதுல எது சார் என் பேரு?" என்றார்.

அவருக்கு விடை தேடும்போது, இதே ஊரில் அடைக்கலம் புகுந்த ஒரு ஜெர்மானியரின் குடும்பப் பெயர் என் நினைவுக்கு வந்தது. 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபோது, டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டுக்கு வந்தவர் ஜோஹன் பிலிப் பப்ரிசியுஸ் என்னும் லுத்தரன் ஊழியர். பின்னாளில் வேப்பேரியில் அவர் தயாரித்த தமிழ் - ஆங்கில அகராதி 1779-இல் வெளியாயிற்று.

'பப்ரிசியுஸ்' என்பது ஜெர்மன் குடும்பப் பெயர்தான். ஆனால் ஜெர்மன் சொல் அன்று. லத்தீனில் 'ஃபாபெர்' என்றால் கொல்லர், கைவினைஞர். அதே வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் பழைய ரோமானியக் குலப்பெயர் 'பப்ரிசியுஸ்'. மறுமலர்ச்சிக் காலத்தில் கற்றறிந்த ஜெர்மானியர் பலர் தம் பெயர்களை லத்தீனாக்கிக்கொண்டனர். உழவரைக் குறிக்கும் 'பவுவர்' என்ற பெயர் 'அக்ரிகோலா' ஆயிற்று. தையற்காரரைக் குறிக்கும் 'ஷ்னைடர்', 'சார்டோரியுஸ்' ஆயிற்று. கொல்லரைக் குறிக்கும் 'ஷ்மிட்' குடும்பங்கள் பல 'பப்ரிசியுஸ்' ஆயின. நம் வழக்கில் சொன்னால், 'கொல்லர் வீட்டார்' என்பதே அதன் பொருள்.

ஜெர்மானியர் இதை 'ஃபப்ரீட்சியுஸ்' என்று இரண்டாம் அசையை அழுத்திச் சொல்வர். ஆங்கிலேயர் நாவில் அது 'ஃபப்ரிஷஸ்' என்று சுருங்குகிறது. தமிழிலோ பப்ரிசியுஸ், பெப்ரிசியஸ் எனப் பல வடிவங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒலி எவ்வளவு மாறினாலும் ஆங்கிலத்தில் எழுத்து மாறவில்லை. தம் நாவுக்கு ஏற்றபடி எழுத்தைத் திருத்தும் உரிமையை ஆங்கிலேயர் எடுத்துக்கொள்ளவில்லை.

இதே குடும்பப் பெயர் பழவேற்காட்டு ஏரியிலும் நீந்துகிறது என்றால் வியப்பாக இருக்கும். இங்கு வலையில் விழும் டைகர் இறாலின் அறிவியல் பெயர் 'பினேயஸ் மோனோடான்'. அதை அடுத்து 'பப்ரிசியுஸ், 1798' என்று எழுதுவது விலங்கியல் மரபு. இவர் வேறொருவர், டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர். இறாலுக்குப் பெயரிட்டவரின் பெயரைக்கூட இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் பிழையின்றி எழுதுகிறது. அந்த இறாலைப் பிடிப்பவரின் பெயருக்கோ அந்த மரியாதை இல்லை.

ஊருக்கும் இதே கதிதான். பழமை, வேல மரம், காடு என்னும் பொருள் தோன்ற நிற்கும் பழவேற்காடு, ஆங்கிலத்தில் 'புலிகாட்' ஆனது. மொழிக்கும் அதே கதி. பப்ரிசியுஸின் அகராதியே தலைப்பில் தமிழை 'மலபார்' என்றது. ஐரோப்பியர் அவ்வாறு அழைப்பதாக ஒரு விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டது.

இது வெறும் ஒலிப்புச் சிக்கல் என்று ஒதுக்க முடியாது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் இன்று வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. கணினிக்கு ஆளைத் தெரியாது; எழுத்தைத்தான் தெரியும். ஓரெழுத்து மாறினாலும் அதற்கு அவர் வேறு ஆள். மேலும், குடும்பப் பெயர் என்னும் வழக்கமே நம்மிடம் பரவலாக இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்கு முன்னொட்டு. படிவத்தின் 'சர்நேம்' கட்டத்தை ஓர் அலுவலர் தந்தை பெயரால் நிரப்புகிறார். மற்றொருவர் வெறுமையாக விடுகிறார். ஒரே மனிதர் இரண்டு ஆளாகிவிடுகிறார்.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டது; சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஊர்ப் பெயர் காத்திருக்கலாம். ஆள் பெயர் காத்திருக்க இயலாது. தமிழில் எழுதிய பெயரையே மூலமாகக் கொள்ள வேண்டும். ஆங்கில வடிவத்தைப் பதியும் முன் உரியவரிடம் உரக்கப் படித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். ஒரு துறை ஏற்ற எழுத்தையே மற்றத் துறைகளும் ஏற்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. சற்றுப் பொறுமையே போதும்.

கொல்லர் வீட்டுப் பெயர் கடல்கடந்து வந்தும் எழுத்துக் குலையாமல் இருக்கிறது. மீனவர் வீட்டுப் பெயர் தன் சொந்தக் கரையிலேயே மூன்றாக உடைய வேண்டுமா? "நீங்கள் சொல்வதுதான் ஐயா உங்கள் பெயர்" என்றே அன்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அதை அவருடைய ஆவணங்களும் சொல்ல வேண்டும்.