ரோடு நல்லா இருக்குன்னு யார் முடிவு பண்றது? குலுக்கலை அளக்கும் வண்டிகள் வேலை செய்வது இப்படித்தான்

'இந்த ரோடு சூப்பர்', 'அந்த ரோட்டுல போனா முதுகே போச்சு' என்று நாம சொல்றது நம்ம உடம்பு கொடுக்கிற தீர்ப்பு. ஆனால், எந்த ரோட்டை முதலில் சரிசெய்வது, ஒப்பந்ததாரர் போட்ட ரோடு தரமானதா என்று முடிவெடுக்க அரசுக்கு ஓர் எண் தேவை. அதற்காகவே தனி வண்டிகள் ஓடுகின்றன. அவை எப்படி அளக்கின்றன? எதைத் தவறவிடுகின்றன?

ஒற்றைச் சக்கர டிரெய்லர்

இந்தியாவில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது 'பம்ப் இன்டகிரேட்டர்'. ஜீப்புக்குப் பின்னால் ஒற்றைச் சக்கரம் கொண்ட ஒரு டிரெய்லரைக் கட்டி, மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் இழுத்துச் செல்வார்கள். ரோடு சக்கரத்தைத் தூக்கிப்போடும் ஒவ்வொரு முறையும் அந்த அசைவைக் கருவி கூட்டிக்கொண்டே போகும். ஒரு கிலோமீட்டருக்கு மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் ரிசல்ட்.

இந்திய சாலை காங்கிரஸின் 2004 வழிகாட்டுதல்படி, பிட்டுமினஸ் கான்கிரீட் ரோட்டில் இது 2,000-க்குள் இருந்தால் நல்லது. 3,000-ஐத் தாண்டினால் மோசம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. டயரில் காற்று குறைந்தாலோ ஸ்பிரிங் தேய்ந்தாலோ ரோடு மாறாமலேயே எண் மாறிவிடும்.

லேசர் எப்படி உதவுது?

1960-களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் இதற்கு ஒரு வழி பிறந்தது. இன்றைய வண்டிகளில் அதே யோசனை லேசரோடு வருகிறது. பம்பரில் இருக்கும் லேசர், வண்டிக்கும் ரோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்கும். பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர், வண்டி எவ்வளவு மேலும் கீழும் ஆடியது என்று சொல்லும். நம்ம போனைச் சாய்த்தால் திரை திரும்புதே, அதற்கு உதவும் அதே வகை சென்சார்தான். வண்டியின் ஆட்டத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டால், மிஞ்சுவது ரோட்டின் உண்மையான மேடு பள்ளம்.

அது என்ன ஐஆர்ஐ?

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கருவியில் அளந்தால் எப்படி ஒப்பிடுவது? 1982-ல் உலக வங்கி ஆதரவில் பிரேசில் நாட்டில் 49 ரோட்டுப் பகுதிகளில் பல கருவிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஐஆர்ஐ எனும் சர்வதேச அளவுகோல்.

அளந்த மேடு பள்ளத்தின் மேல், கம்ப்யூட்டரில் ஒரு கற்பனை கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும். அதன் சஸ்பென்ஷன் கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் அசைகிறது என்பதே ஐஆர்ஐ. பூஜ்யம் என்றால் கண்ணாடி மாதிரி ரோடு. புது ரோடுகள் சுமார் 1.5 முதல் 3.5 வரை வரும். சேதமான ரோடுகள் 4-ல் தொடங்கி 11 வரைகூடப் போகும்.

சராசரியில் மறையும் பள்ளம்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டரைப் பத்து 100 மீட்டர் துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒன்பது துண்டுகளில் ஐஆர்ஐ 2. ஒரே ஒரு துண்டு குண்டும் குழியுமாக 12. சராசரி எவ்வளவு? வெறும் 3. ரிப்போர்ட்டில் அது புது ரோடு மாதிரிதான் தெரியும்!

அதுமட்டுமில்லை. கணக்கில் ஓடுவது கார். டூவீலருக்கு நிலைமையே வேற. காரைக் குலுக்கிவிட்டு விடும் பள்ளம், பைக்கில் போறவரைக் கீழே தள்ளிவிடும். லேசர் பெரும்பாலும் கார் சக்கரம் ஓடும் தடத்தைத்தான் பார்க்கும். பைக் ஓரமாகவும் போகும், நடுவிலும் போகும்.

மத்திய அரசின் 2022 விபத்து அறிக்கைப்படி, ரோட்டுப் பள்ளங்களால் இந்தியாவில் 1,856 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்களில் சுமார் 44% பேர் டூவீலரில் சென்றவர்கள்.

இப்போ என்ன மாறுது?

தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் இப்போது லேசரோடு 360 டிகிரி கேமராவும் ஜிபிஎஸ்ஸும் கொண்ட சர்வே வண்டிகளைப் பயன்படுத்துகிறது. குலுக்கலோடு சேர்த்து விரிசல், பள்ளம் ஆகியவையும் பதிவாகும். 23 மாநிலங்களில் சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் இவற்றை ஓட்டப்போவதாக 2025-ல் ஆணையம் அறிவித்தது.

ஆனால் இது நெடுஞ்சாலைக்கு. நம்ம தெருவிலும் நகராட்சி ரோட்டிலும்தான் பைக்குகள் நிறைய ஓடுகின்றன.

அதனால் அடுத்த முறை 'ரோட்டின் தரம் சிறப்பு' என்று ஓர் எண்ணைக் காட்டினால், ரெண்டு கேள்வி கேளுங்க. இது எத்தனை மீட்டருக்கு எடுத்த சராசரி? அதில் மிக மோசமான 100 மீட்டர் எங்கே இருக்கு?