வாவியின் இரு கரைகள்

இலங்கையின் கிழக்கே, கடலுக்குச் சமாந்தரமாக, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றது மட்டக்களப்பு வாவி. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலம். வாவிக்கு மேற்கே பரந்த வயல்வெளி, அதற்கப்பாற் காடு. ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். வாவியையோ அவர்கள் ‘ஆறு’ என்றே சொல்வர்.

எழுவான்கரையிலே தென்னஞ்சோலைகளுக்கிடையில் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி முதலிய ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நெருங்கியுள்ளன. படுவான்கரையிலே கொக்கட்டிச்சோலை, பழுகாமம், மண்டூர் முதலியன வயல்களின் நடுவே அமைந்தவை. வீடு ஒரு கரையிலும் வயல் மறுகரையிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. விதைப்புக் காலத்தில் உழவர் தோணியேறிச் சென்று வயல்வாடியில் தங்குவர். மண்முனையில் 2014இற் பாலம் திறக்கப்படும் வரை அங்கே கரை கடக்க உதவியது ‘பாதை’ எனப்படும் மிதவைதான்.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மட்டக்களப்பு மாவட்ட மக்கள் ஏறக்குறைய ஐந்தேகால் இலட்சம். பெரும்பாலார் தமிழர், நால்வருள் ஒருவர் முஸ்லிம். சமயத்தால் வேறுபட்ட இவ்விரு சாராரிடையேயும் தாய்வழிக் குடிமுறை பொதுவாக விளங்குவது கருதத்தக்கது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்தல் கூடாது. வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். கோயில்களில் வண்ணக்கர் பதவியும், பள்ளிவாசல்களில் மரைக்காயர் பதவியும் குடிவழியே பகிரப்பட்டன. முற்காலத்து முக்குவர் சட்டத்தின்படி சொத்துரிமை சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. 1876ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் அவ்வழக்கை நீக்கியது. ஆயினும் வீடு மகளுக்கு என்னும் வழக்கத்தை எச்சட்டமும் அசைக்கவில்லை.

1628இற் புளியந்தீவிலே கோட்டை கட்டிய போர்த்துக்கேயரை 1638இல் ஒல்லாந்தர் வெளியேற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சி மாறினும் போர்த்துக்கேயர் மொழி முற்றாக மறையவில்லை. பறங்கியர் சிலரின் இல்லங்களில் அதன் கிளைமொழி இன்றும் ஒலிக்கின்றது. 1961இல் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று. கிழக்கு மாகாண சபைக்கு 2008இல் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது; 2017இல் அதன் பதவிக்காலம் முடிந்தது.

போர்க்காலம் கரைகளைப் பிரித்தது போலவே மனிதரையும் பிரித்தது. 1990இற் தமிழர் ஊர்களிலும் முஸ்லிம்களின் ஊர்களிலும் நிகழ்ந்த படுகொலைகளின் பின்னர், அயல் வயல்களில் உழுதவர்கள் ஒருவரையொருவர் அஞ்சினர். முஸ்லிம்கள் பலர் படுவான்கரையிலிருந்த தம் வயல்களுக்குச் செல்ல இயலாது போயிற்று. அதனால் நேர்ந்த காணிப் பிணக்குகள் போரோடு ஓய்ந்துவிடவில்லை.

பொருள் வாழ்வின் முதற்றூண் நெல். முன்னாளில் நிலமுடைய போடியாரும், வயலில் உழைத்த முல்லைக்காரரும், நீர்ப்பங்கீட்டைக் கவனித்த வட்டவிதானையும் ஓர் ஒழுங்கில் இயங்கினர். உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்கள் சிறுபோகத்துக்கு நீர் தருகின்றன. நெல்லை அடுத்து மீனும் இறாலும் நண்டும். பின்னர்த் தேங்காய், எருமைத் தயிர். தெற்கே மருதமுனையின் கைத்தறி பெயர் பெற்றது.

மீன்பாடும் தேனாடு என்னும் புகழை அறியாதார் இலர். எமேர்சன் ரெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவ்வொலியைப் பற்றி எழுதினார். ஆனால், இவ்வூரார் ஆண்டுதோறும் வாதிடுவது வாவியின் பாட்டைப் பற்றியன்று, வாயைப் பற்றியே. நகருக்கு அண்மையிற் பாலமீன்மட்டிலும், தெற்கே கல்லாற்றிலும் வாவி கடலைச் சேரும். கோடையில் அலைகள் மணலைக் குவித்து அவ்வாய்களை அடைத்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் நீர் பெருகினாற் படுவான்கரையின் தாழ்ந்த வயல்கள் மூழ்கும். அப்பொழுது மணற்றிட்டை வெட்டுமாறு உழவர் கோருவர். அவசரப்பட்டு வெட்டினால் நீர் வடிந்து மீனும் இறாலும் கடலுக்குச் சென்றுவிடும் என்பர் மீனவர். இரண்டும் நியாயமே. இளம்பயிர் நீருக்குள் நெடுநாள் தாங்காது. வலைக்கோ வாவியில் நீர் நிற்கவேண்டும். ஆதலால் இரு சாராரும் அதிகாரிகளோடு கூடிப் பேசியே நாள் குறிக்க வேண்டியிருக்கின்றது. வெட்டிய வாய் ஓரிரு நாளில் வெள்ளத்தின் வேகத்தால் தானே அகன்றுவிடும். வெள்ளம் தணிந்தபின் கடல்நீர் உள்ளே ஏறும். அதனோடு இறாற்குஞ்சுகளும் வாவிக்கு வந்து சேரும்.