செயலிப் பொருத்துவாய்ச் சேதம்

செயலிப் பொருத்துவாய்ச் சேதம் என்பது, கணினியின் செயலியை மாற்றும்பொழுது, அது அமரும் தாய்ப்பலகைச் சாக்கெட்டின் நுண்ணிய ஊசிகள் வளைவதையோ முறிவதையோ குறிக்கும்.

முன்னர் இவ்வூசிகள் பெரும்பாலும் செயலியின் அடிப்பக்கத்தில் அமைந்திருந்தன. 2004 இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட எல்ஜிஏ 775 வகையில் அவை தாய்ப்பலகைக்கு மாற்றப்பட்டன. செயலியின் அடியில் தட்டையான தொடுபரப்புகளே எஞ்சின. ஏஎம்டி நிறுவனமும் பொதுப் பயன்பாட்டு மேசைக்கணினிகளுக்கு 2022 இல் ஏஎம்5 வழியாக இம்முறைக்கு மாறியது. ஏஎம்5 சாக்கெட்டில் 1718 ஊசிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சிறு வில்லைப் போன்றது. செயலி கைநழுவிச் சாய்வாக விழுந்தாலோ, துடைக்கும் துணியின் நூல் சிக்கினாலோ ஊசிகள் எளிதில் வளைந்துவிடும்.

விளைவுகள்

எல்லா ஊசிகளும் ஒரே அளவு முக்கியமானவை அல்ல. மின்வழங்கலுக்கும் புவித்தொடுப்புக்கும் பல ஊசிகள் இருப்பதால், அவற்றுள் ஒன்று தொடர்பிழந்தாலும் கணினி இயங்கக்கூடும். நினைவகத்துக்குரிய ஊசி தொடர்பிழந்தால், அத்தடத்திலுள்ள நினைவகம் அறியப்படாமல் போகலாம். இதனை நினைவகத்தின் பழுதெனக் கருதிப் புதிய நினைவகம் வாங்கி ஏமாறுவோர் உண்டு. செயலி மாற்றிய பின்னர் இக்குறை தோன்றினால் முதலில் சாக்கெட்டையே பார்க்க வேண்டும்.

வளைந்த ஊசி அருகிலுள்ளதைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுச் செயலியும் பழுதாகலாம். ஆகவே ஐயம் எழுந்தால், "இயங்குகிறதா பார்ப்போம்" என்று மின்சாரம் செலுத்துதல் கூடாது.

சீர்செய்தல்

மின்னிணைப்பை நீக்கி, உடலிலுள்ள நிலைமின்னேற்றத்தை வெளியேற்றிய பின், உருப்பெருக்கியின் உதவியுடன் சாய்வான ஒளியில் சாக்கெட்டை நோக்க வேண்டும். சீரான ஊசிகளின் முனைகள் ஒரே வகையில் மின்னும். வளைந்தது மாறுபட்டுத் தெரியும். மெல்லிய தையல் ஊசியால் அதனைச் சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் உலோகம் களைத்து முறியும்.

முறிந்த ஊசியின் பணியை உற்பத்தியாளரின் தரவுத்தாளில் காணலாம். சாக்கெட் முழுவதையும் மாற்றுவதற்குச் சிறப்புப் பற்றவைப்புக் கருவிகள் தேவை. பழைய தாய்ப்பலகைகளுக்கு அச்செலவு பெரும்பாலும் பயனற்றது.

வளைந்த ஊசிகளைப் பயனரால் நேர்ந்த சேதமாகக் கருதி, உற்பத்தியாளர்கள் பொதுவாக உத்தரவாதம் வழங்குவதில்லை. சாக்கெட்டுடன் வரும் நெகிழி மூடியை எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டும். வேறொரு பழுதுக்காகத் தாய்ப்பலகையைத் திருப்பியனுப்ப நேர்ந்தால், வழியில் ஊசிகளைக் காப்பது அம்மூடியே.