மூணு ரவுண்டு, அஞ்சு ஜட்ஜ்: பாக்ஸிங்ல மார்க் எப்படி விழுது?

2021 ஜூலை, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவுடன் மேரி கோம் மோதினார். ரெண்டாவது, மூணாவது ரவுண்டுல 5 ஜட்ஜுகளில் 3 பேர் மேரி கோம் பக்கம். ஆனாலும் மேட்ச் 3-2ன்னு கைவிட்டுப் போச்சு. முதல் ரவுண்டை 4 ஜட்ஜுகள் வலென்சியாவுக்குக் கொடுத்திருந்தாங்க.

ரெண்டு ரவுண்டு ஜெயிச்சும் எப்படித் தோல்வி? அமெச்சூர் பாக்ஸிங்ல ஒவ்வொரு ஜட்ஜும் தனித்தனியா மார்க் போடுவார். ரவுண்டை ஜெயிச்சவருக்கு 10, தோத்தவருக்குப் பெரும்பாலும் 9, ரொம்பவே பின்தங்கினா 8 அல்லது 7. கடைசியில் ஒவ்வொரு ஜட்ஜும் போட்ட மூணு ரவுண்டு மார்க்கையும் தனியாகக் கூட்டுவாங்க. அதிக ஜட்ஜுகள் யார் பக்கமோ அவருக்கே வெற்றி. நம்ம இன்டர்னல் மார்க் மாதிரிதான்: ஆரம்பத்துல விட்டது கடைசிக் கூட்டல் வரைக்கும் கூடவே வரும்.

காலேஜ் டீமுக்காக ரிங்ல ஏறப் போறீங்களா? இதையெல்லாம் மனசுல வைங்க.

1. முதல் மணியிலேயே ஆரம்பிங்க. "ஆளைக் கொஞ்சம் பார்த்துட்டு அடிக்கலாம்"னு ஒரு நிமிஷம் சுத்தினா, 3 நிமிஷ ரவுண்டுல மூணுல ஒரு பங்கு காலி. வார்ம்-அப்லயே வியர்த்திருக்கணும்.

2. எந்தக் குத்து கணக்கு? கிளவுஸின் முட்டிப் பகுதி முகத்திலோ, தலையின் பக்கவாட்டிலோ, பெல்ட்டுக்கு மேலே உடம்பிலோ பலத்தோடு விழணும். கார்டுல படுறதும், உள்ளங்கையால் தட்டுறதும் சத்தம் மட்டும்தான்.

3. ஒரே குத்துல சாய்க்கணும்னு அலையாதீங்க. எதிராளி கீழே விழுந்தாலும் அதுக்குன்னு தனி மார்க் கிடையாது. ரெண்டு மூணு குத்தாகச் சேர்த்து அடிச்சுட்டு உடனே பக்கவாட்டில் நகருங்க.

4. ஜட்ஜ் கண்ணுக்குத் தெரியணும். அவங்க ரிங்கைச் சுற்றி உட்கார்ந்திருப்பாங்க. நீங்க கயிற்றோரமே ஒட்டி நின்னா, உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிறவருக்கு உங்க குத்து தெரியாது. நடு ரிங்கைப் பிடிங்க. ரெண்டு பேரும் மாறி மாறி அடிக்கும்போது கடைசிக் குத்து உங்களுடையதா இருக்கட்டும்.

5. கட்டிப் பிடிக்காதீங்க, தலையால் முட்டாதீங்க. ரெஃப்ரீ வார்னிங் கொடுத்தா 1 மார்க் குறையும். 10-9ன்னு போற மேட்ச்ல அது ஒரு ரவுண்டையே இழந்த மாதிரி.

6. இடைவேளை 1 நிமிஷம்தான். உட்காருங்க, மூச்சை ஆழமா இழுத்து விடுங்க, கோச் சொல்றதுல ஒரே ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க.

இன்னொண்ணு, இது மார்க்கை விடப் பெரிசு. அடி வாங்கின பிறகு தலை சுத்தினாலோ, பார்வை மங்கினாலோ மறைக்காம கோச்கிட்ட சொல்லிடுங்க. மேட்ச் அடுத்த வருஷமும் வரும். தலை ஒண்ணுதான் இருக்கு!