கெய்ரோவின் குப்பையை அள்ளுவது யார்?

எகிப்து நாட்டின் பெரும்பகுதி பாலைவனம். மக்கள் அனைவரும் ஏறக்குறைய நைல் நதியை ஒட்டிய பசுமையான நிலத்தில்தான் நெருங்கி வாழ்கின்றனர். 1940களில் அதன் தலைநகரான கெய்ரோவில் சுமார் 2 மில்லியன் மக்கள் இருந்தனர். இன்று, புறநகர்களையும் சேர்த்தால், அந்த எண்ணிக்கை 20 மில்லியனைத் தாண்டிவிட்டது.

வேலை தேடிக் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு அரசாங்கம் கட்டிய வீடுகள் போதவில்லை. அதனால், விளைநிலங்களில் அனுமதியின்றிச் செங்கல் வீடுகள் எழுந்தன. அவற்றின் மொட்டை மாடிகளில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மகனுக்குத் திருமணமானால் இன்னொரு மாடி கட்ட வேண்டுமே! அங்குள்ள சந்துகளில் பெரிய வாகனங்கள் நுழைய முடியாது. நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இத்தகைய குடியிருப்புகளில் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது.

இத்தனை பேரின் குப்பையை யார் அகற்றுவது? பல ஆண்டுகளாக அதைச் செய்து வருபவர்கள் 'சப்பாலின்' எனப்படுவோர். எகிப்தியரின் பேச்சு வழக்கில் அச்சொல்லுக்குக் குப்பை சேகரிப்போர் என்பது பொருள். தென் எகிப்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த இவர்களுள் பலர் முகத்தம் குன்றின் அடிவாரத்தில் குடியேறினர். மாடிப்படி ஏறி, வீடு வீடாகக் குப்பையைச் சேகரித்துத் தங்கள் குடியிருப்புக்கே கொண்டு செல்வர். அங்கே குடும்பத்தினர் தாள், நெகிழி, உலோகம், துணி எனப் பிரித்தெடுப்பர். இவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்துவர்கள். எனவே, பன்றி வளர்த்தனர். மிச்சமான உணவு அவற்றுக்குத் தீனியானது. சேகரித்த குப்பையில் ஏறத்தாழ 80 விழுக்காடு மறுபயனீடு செய்யப்பட்டது. வளர்ந்த நாடுகளின் பெரிய நகரங்கள்கூட எளிதில் எட்ட முடியாத அளவு அது! ஆயினும், உடைந்த கண்ணாடியும் மருத்துவ ஊசியும் கையைக் குத்தும் ஆபத்தான வேலை அது. சமுதாயமோ அவர்களை மதிக்கவில்லை.

நகரை நவீனமாக்க விரும்பிய அரசாங்கம், 2003ஆம் ஆண்டுவாக்கில் ஐரோப்பிய நிறுவனங்களிடம் இப்பணியை ஒப்படைத்தது. தெருமுனைகளில் பெரிய தொட்டிகள் வைக்கப்பட்டன. வாசலிலேயே குப்பையைக் கொடுத்துப் பழகிய மக்களுக்குத் தொட்டிவரை நடப்பது பிடிக்கவில்லை. நிறுவனங்களின் லாரிகளோ சந்துகளுக்குள் நுழைய முடியாமல் நின்றன. சப்பாலின் மக்களுக்கு வருமானம் குறைந்தது. தெருக்களிலும் குப்பை குறையவில்லை.

2009ஆம் ஆண்டில் மற்றோர் இடி விழுந்தது. பன்றிக் காய்ச்சல் அச்சத்தால், நாட்டிலிருந்த சுமார் 300,000 பன்றிகளையும் கொல்ல அரசாங்கம் உத்தரவிட்டது. அதற்குத் தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியும் உத்தரவு நிறைவேறியது. பன்றிகள் இல்லாததால் உணவுக் கழிவை எடுத்துச் செல்ல யாரும் முன்வரவில்லை. அது தெருக்களிலேயே அழுகி நாறியது. அதன் பிறகுதான், அம்மக்கள் செய்து வந்த வேலையின் அளவு பலருக்கும் புரிந்தது.

இப்போது கெய்ரோவுக்குக் கிழக்கே, சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், புதிய நிர்வாகத் தலைநகர் கட்டப்பட்டு வருகிறது. அங்குச் சாலைகள் அகலமானவை. ஆனால், செங்கல் வீடுகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே வீடு வாங்க வசதியில்லை. அவர்கள் பழைய சந்துகளில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குப்பையும் அங்கேதான் சேர்கிறது.