‘டை’ அடிக்கும் கூந்தலைக் காப்பாற்ற...

நரைக்குச் சாயம் பூசலாமா, கூடாதா என்று வழக்காட நான் வரவில்லை. பூசுகிறோம். பூசுகிற முடியை எப்படிக் காப்பாற்றிக் கொள்வது என்பதுதான் பேச்சு.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 60 செ.மீ. பின்னலின் நுனிக்கு வயசு 5 வருஷம்! மாதா மாதம் தலை முழுக்கப் பூசினால் அந்த நுனி ஏறக்குறைய 60 தடவை சாயம் குடித்திருக்கும். நிரந்தரச் சாயத்திலுள்ள அம்மோனியா முடியின் மேல் செதில்களைத் திறக்கிறது. பெராக்ஸைடு உள்ளே நிறத்தை ஏற்றுகிறது. திறந்து திறந்து செதில் தேய்ந்தால் நுனி வைக்கோலாகப் பிளக்காமல் என்ன செய்யும்? ஆகவே வெளுத்த வேர்ப்பக்கம் மட்டும் தடவுங்கள். நுனி மங்கியிருந்தால் கடைசி ஐந்து நிமிஷம் சீப்பால் இழுத்துவிட்டால் போதும்.

செங்கல்பட்டுக்காரர்களான எங்களுக்கு விருந்தாளி வந்தால் மாமல்லபுரம்தான். அர்ஜுனன் தபசு, கடற்கரைக் கோயில், அப்புறம் அலையில் ஆட்டம். வெயிலும் உப்பும் சேர்ந்தால் கறுப்பு செம்பட்டையாகிவிடும். கிளம்பும் முன் தேங்காய் எண்ணெய் தடவித் தளரப் பின்னுங்கள். வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருக்கிற கடலோர வீடுகளில் கடைசி இரண்டு சொம்பாவது குடிதண்ணீராக இருக்கட்டும்.

தலைக்குக் குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் வைத்தால் முடியிலிருந்து புரதம் கழிந்து போவது குறைகிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இதையே மாமியார் சொன்னால் பத்தாம்பசலி!

முடி போனால் வளரும். தோல் விஷயம் அப்படியில்லை. என் நாத்தனார் ஒரு வளைகாப்புக்காகக் ‘கறுப்பு மருதாணி’ பாக்கெட் வாங்கிப் பூசினாள். மறுநாள் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிவிட்டது. டாக்டர் சொன்ன காரணம் பி.பி.டி. என்கிற பாராபினைலீன்டையமின். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் இருப்பது இதுதான். இந்த ஒவ்வாமை ஒரு தடவை வந்தால் பொதுவாக ஆயுசுக்கும் போகாது. அதனால், புதுசோ பழக்கமான சாயமோ, ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரித்தால் வேண்டவே வேண்டாம். முகம் வீங்கி மூச்சு முட்டினால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். புருவத்துக்கும் இமைக்கும் பூசவே கூடாது. கண் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்காவில் 1938-லேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. சுற்றுலா போகிற இடத்தில் குழந்தை கையில் கறுப்பு மருதாணிச் சித்திரம் போட விடாதீர்கள். அசல் மருதாணி சிவக்கும், கறுக்காது. அரைமணியில் கறுத்தால் பி.பி.டி. கலந்திருக்கலாம். இன்று கையில் பட்டது, அவள் வளர்ந்து ‘டை’ அடிக்கும் நாளில் தலையில் வெடிக்கும்.

பி.பி.டி. ஆகாதவர்களுக்கு மருதாணியும் அவுரியும் உண்டு. முதலில் மருதாணி பூசி அலசி, பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து உடனே பூசி ஒரு மணி நேரம் விட வேண்டும். அன்று ஷாம்பு வேண்டாம்; வெறும் தண்ணீர் போதும். நிறம் மறுநாள்தான் கூடும். அவுரி இலைப் பொடி பச்சையாக இருக்கும். ‘மூலிகை’ என்று பெயர் போட்டு, பாக்கெட்டைப் பிரித்தால் கறுப்பாக இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.